இரட்டை இமை என்றால் என்ன? கொரியாவில் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தது

கொரியாவுக்கு ஆராய்ச்சி வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியோ குளிரைப் பற்றியோ இல்லை. "அங்க எல்லாரும் மூஞ்சியையே மாத்திக்குவாங்களாமே, நெஜமா?" என்பதுதான். அத்தை கேட்பார், கொரிய சீரியல் பார்க்கிற சித்தி மகள் கேட்பாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூடக் கேட்டிருக்கிறார். கொரிய நடிகைகளின் வீடியோவுக்குக் கீழே தமிழில் "எல்லாம் பிளாஸ்டிக்" என்று எழுதிவிட்டுப் போகிறவர்களையும் பார்க்கிறேன். அந்த வார்த்தையைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் என் லேபில் பக்கத்து இருக்கையில் இருக்கும் பெண் இமையில் மடிப்பு வரவைக்கும் இரட்டை இமை அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டபோது நான்தான் அவளோடு போனேன். அவள் எதற்காகச் செய்தாள், உள்ளே என்ன நடந்தது, எத்தனை நாள் பயந்தாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால் அத்தைக்கு விளக்குவது போலவே முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஒருமுறை கண்ணாடி முன்னால் போய் நில்லுங்கள். கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தால், மேல் இமையில் இமைமுடிக்குக் கொஞ்சம் மேலே வளைவாக ஒரு மடிப்பு ஓடுவது தெரியும். மெதுவாகக் கண்ணை மூடினால் மடிப்பு விரிந்து, ஒரு மெல்லிய ரேகை மட்டும் நிற்கும். நம் ஊரில் அநேகமாக எல்லாருக்கும் இது உண்டு. எல்லாருக்கும் இருப்பதாலேயே அதற்கு ஒரு பேர் வைக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. கொரியர்களுக்குப் பேர் தேவைப்பட்டது. மடிப்பு உள்ள இமையை 'சாங்கொபுல்' என்பார்கள், இரட்டை இமை என்று பொருள். மடிப்பு இல்லாத கண்ணுக்கு 'முசாங்'. ஜப்பானியர்கள் 'ஃபுதாயே' என்கிறார்கள், சீனர்கள் 'ஷுவாங் யென்பி' என்கிறார்கள். கிழக்காசியர் எல்லாருக்கும் ஒற்றை இமை என்று நாம் நினைப்பது தப்பு. ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே மடிப்பு இருக்கிறது. ஒரே வீட்டில் அக்காவுக்கு இருக்கும், தங்கைக்கு இருக்காது. ஒரே முகத்தில் ஒரு கண்ணில் இருந்து மறு கண்ணில் இல்லாமலும் போகும். என் லேப் தோழிக்கு அப்படித்தான், இடது கண்ணில் தெளிவான மடிப்பு, வலது கண்ணில் ஒன்றும் இல்லை.

மடிப்பு எப்படி உண்டாகிறது என்று புரிந்துவிட்டால் பாதி விஷயம் முடிந்தது. இமைக்குள் அதைத் தூக்குவதற்கென்று ஒரு தசை இருக்கிறது. அந்தத் தசை கீழே வரவர மெல்லிய ஏடுபோலப் பரவி, இமையின் உள்ளே இருக்கிற கெட்டியான தகட்டில் ஒட்டிக்கொள்கிறது. போகிற வழியில் சில நுண்ணிய இழைகளை முன்பக்கத் தோலுக்கும் அனுப்புகிறது. ஜன்னல் திரையின் பின்பக்கம் ஓர் இடத்தில் நூல் தைத்து, நூலை மேலே இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தைத்த இடத்தில் துணி உள்ளே போகும், அதற்கு மேலே இருக்கிற துணி அதன்மேல் விழுந்து மடியும். இமையிலும் இதேதான். கண் திறக்கும்போது தசை இழுக்கிறது, இழை பிடித்திருக்கும் இடத்தில் தோல் உள்ளே போகிறது, மடிப்பு விழுகிறது. ஒற்றை இமைக்காரர்களுக்கு அந்த இழைகள் தோலுக்கு வருவதில்லை, இல்லாவிட்டால் இமை ஓரத்துக்கு வெகு அருகில் வருகின்றன. கண்குழிக்குள் இருக்கிற கொழுப்பும் கொஞ்சம் கீழே இறங்கி இமையைத் தடிமனாக்குகிறது. அதனால் தோல் வழுவழுவென்று நேரே இறங்கி இமைமுடியைத் தொடுகிறது. இதில் நோய் ஒன்றும் கிடையாது, பார்வைக் குறையும் கிடையாது. 'சின்னக் கண்' என்று நாம் சொல்கிறோமே, அதுவும் சரியில்லை. கண்விழி எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான், அதில் எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதுதான் மாறுகிறது.

இன்னொன்றும் உண்டு. மூக்கை ஒட்டிய கண் மூலையில் செந்நிறமாக ஒரு சின்னச் சதைப்புடைப்பு தெரியும் இல்லையா, பல கிழக்காசியர்களுக்கு மேலிமைத் தோல் கீழே வளைந்து வந்து அதை மூடியிருக்கும். அதை வெட்டித் திறப்பது தனி அறுவை சிகிச்சை, கொரியாவில் 'முன்பக்கம் திறப்பது' என்றே அதற்குப் பேர். மருத்துவமனை விலைப்பட்டியலில் இது தனி வரியாக வரும்.

இனி எல்லாரும் கேட்கிற பெரிய கேள்வி: வெள்ளைக்காரர்கள் மாதிரி தெரிவதற்குத்தானே இதெல்லாம்?

வரலாறு இதற்கு நேரான பதில் தருவதில்லை. இந்த அறுவை சிகிச்சையைப் பற்றி முதன்முதலில் எழுதியவர் மிகாமோ என்ற ஜப்பானிய மருத்துவர், ஆண்டு 1896. அவர் சிகிச்சை செய்த பெண்ணுக்கு ஒரு கண்ணில் மடிப்பு இருந்தது, மற்றதில் இல்லை. மூன்று பட்டுத் தையல்கள் போட்டு இரண்டு கண்ணையும் ஒன்றுபோல ஆக்கினார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இருப்பதைத் தனக்கும் கேட்பதுகூட இல்லை, தன் ஒரு கண்ணில் இருப்பதை மறு கண்ணுக்குக் கேட்பது அது. என் தோழி கேட்டதும் இதையேதான், நூற்று இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் கழித்து. ஆனால் இன்னொரு கதையும் இருக்கிறது. 1954 இல், கொரியப் போர் முடிந்த கையோடு, டேவிட் ரால்ஃப் மில்லார்ட் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் கடற்படைப் பிரிவு மருத்துவராக இங்கே வந்தார். கொரிய மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு அவர் இமை அறுவை சிகிச்சை செய்தார். தன் கண்களைப் பார்க்கும் அமெரிக்கர்களுக்குத் தன்மேல் நம்பிக்கை வரவில்லை என்பது அந்த மனிதரின் குறை. கண்ணை மேற்கத்தியச் சாயலுக்கு மாற்றுவதுதான் நோக்கம் என்று மில்லார்ட் ஒளிவுமறைவில்லாமல் எழுதியும் வைத்தார். கொரியாவில் இந்தச் சிகிச்சை பரவியதற்குப் பின்னால் போரும், ராணுவ முகாமும், டாலரும் இருந்தன என்பதை மறைக்க முடியாது.

பழைய ஓவியங்களைப் பார்த்தாலும் ரசனை மாறியிருப்பது தெரியும். ஜோசன் அரசு காலத்தில் ஷின் யுன்-போக் வரைந்த அழகியின் ஓவியம் இங்கே எல்லாருக்கும் தெரிந்தது, அவளுக்கு மெலிந்து நீண்ட கண்கள்தான். ஜப்பானின் எடோ கால மரக்கட்டை அச்சுப் படங்களிலும் அழகிகளுக்கு அப்படித்தான் வரைவார்கள். ஆக, மடிப்புள்ள பெரிய கண்தான் அழகு என்பது காலங்காலமாக வந்தது இல்லை. அதே சமயம், இன்று சியோலில் இருபது வயதுப் பெண் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுகிற போட்டோ ஹாலிவுட் நடிகையுடையது இல்லை, இன்னொரு கொரியப் பெண்ணுடையது. கேட்பதும் தாழ்வான, மெல்லிய மடிப்பு, இமைமுடியிலிருந்து ஆறு, ஏழு, எட்டு மில்லிமீட்டர் உயரத்தில். அதைவிட உயரமாக வைத்துத் தடித்துப்போனால் 'சாசேஜ் கண்' என்று இங்கே இவர்களே சொல்வார்கள். இரண்டு கதையும் உண்மை, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட முடியாது என்பதுதான் என் எண்ணம்.

என்னைக் கேட்டால் 'யார் மாதிரி ஆகப் பார்க்கிறார்கள்' என்பதைவிட 'யார் சொன்னார்கள்' என்று கேட்பது பொருத்தமாக இருக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜூலி சென் 2013 இல் தன் நிகழ்ச்சியிலேயே இதைப் பற்றிப் பேசினார். இருபத்தைந்து வயதில் ஓஹையோவில் செய்தியாளராக இருந்தபோது, உன் கண்கள் சலிப்பாக இருப்பது போலத் தெரிகின்றன, உன்னைச் செய்தி வாசிக்க உட்காரவைக்க முடியாது என்கிற மாதிரி மேலதிகாரி சொன்னதாகவும், அதற்கப்புறம் அறுவை சிகிச்சை செய்துகொண்டதாகவும் சொன்னார். அமெரிக்காவில் சொன்னவர் மேலதிகாரி. கொரியாவில் பெரும்பாலும் சொல்கிறவர் அம்மா. நவம்பரில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு முடிந்ததும் இங்கே கிளினிக்குகள் மாணவர்களுக்குத் தள்ளுபடி போடும், பரீட்சை முடித்ததற்குப் பரிசாக வீட்டிலேயே பணம் கட்டி அனுப்புவார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது போட்டோ ஒட்டுவது நெடுங்காலப் பழக்கம். 2017 இல்தான் அரசுத் துறை வேலைகளுக்குப் போட்டோவும் ஊரும் கல்லூரியும் கேட்காத முறை வந்தது. தனியார் கம்பெனிகளில் இன்னும் பல இடங்களில் போட்டோ போகிறது. 'அவளுக்கு அழகு ஆசை' என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள் அந்த விண்ணப்பத்தில் போட்டோவுக்கு விட்டிருக்கும் கட்டத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். கிம் கோ-உன் மாதிரி ஒற்றை இமையோடே முன்னணிக்கு வந்த நடிகைகளும் இருக்கிறார்கள், 'முசாங்' கண்ணை விரும்பிப் பேசுகிற இளைஞர்களும் இப்போது அதிகம். அது நிம்மதி தரும் விஷயம். ஆனால் வேலை தேடுகிற பெண்ணுக்கு அது போதுமா என்றால், போதவில்லை.

சரி, என் தோழி கதைக்கு வருகிறேன். அவள் என்னைவிடச் சின்னவள், என்னை 'உன்னி' என்பாள், நம்மூரில் அக்கா என்பது போல. தினமும் காலையில் லேபுக்கு வந்ததும் டிராயரைத் திறந்து ஒரு சின்ன பாக்கெட்டை எடுப்பாள். அதில் பிறை வடிவத்தில் வெட்டிய ஒளி ஊடுருவும் டேப்புகள் இருக்கும், மருந்துக் கடைகளிலும் அழகுசாதனக் கடைகளிலும் சாதாரணமாகக் கிடைப்பவை. ஒன்றை நுனிவிரலில் எடுத்து, வலது இமையில் வைத்து, இரட்டை நுனியுள்ள ஒரு சின்னக் குச்சியால் அழுத்தி, கண்ணைத் திறப்பாள். மடிப்பு விழும். சாயங்காலத்துக்குள் வியர்வையில் ஒரு முனை கழன்று சுருண்டு தொங்கும், மறுபடி ஒட்டுவாள். எட்டு வருஷமாக இப்படி. தோல் சிவந்து உரியத் தொடங்கிய பிறகுதான் அறுவை சிகிச்சை என்ற பேச்சையே எடுத்தாள்.

எங்கள் லேப் இருக்கும் தேஜானிலிருந்து ரயிலில் சியோலின் சுசோ நிலையத்துக்குப் போய், அங்கிருந்து 3ஆம் லைன் சப்வேயில் அப்குஜாங் இறங்கினோம். கண், மூக்கு, தாடை என்று மாடிக்கு மாடி போர்டு தொங்கும் தெரு. நாங்கள் போன கிளினிக்கில் முதலில் பார்த்தது மருத்துவரை இல்லை, 'சில்ஜாங்' எனப்படும் ஆலோசகரை. இங்கே பல இடங்களில் நடைமுறை இதுதான்: சில்ஜாங் முகத்தைப் பார்ப்பார், என்னென்ன செய்யலாம் என்பார், விலை பேசுவார். தோழி கேட்டது வலது கண்ணுக்கு மட்டும். கையில் வந்த தாளில் இரண்டு கண், கண் மூலை திறப்பு, மூக்கு மூன்றும் சேர்ந்த பேக்கேஜ் விலை எழுதியிருந்தது. மூக்கைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை! வெளியே வந்து சப்வே படிக்கட்டில் உட்கார்ந்து, "என் மூக்கு நல்லா இல்லையா உன்னி?" என்று கேட்டாள். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. எட்டு வருஷமாக ஒரு கண்ணைப் பற்றி மட்டும் கவலைப்பட்ட பெண்ணுக்கு அரை மணி நேரத்தில் மூக்கைப் பற்றியும் கவலையைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: என்ன வேண்டும் என்பதை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அதற்கு மேல் ஒன்றுக்கும் அன்றைக்கே சரி சொல்லாதீர்கள், முன்பணமும் கட்டாதீர்கள்.

இரண்டாவதாகப் போன இடத்தில் மருத்துவரே உட்கார்ந்து பேசினார். முதலில் அவள் புருவத்துக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு கண்ணைத் திறக்கச் சொன்னார். எனக்கு ஏன் என்று புரியவில்லை, அப்புறம் விளக்கினார். இமையைத் தூக்கும் தசை பலவீனமாக இருப்பவர்கள் தங்களுக்கே தெரியாமல் நெற்றியைச் சுருக்கிப் புருவத்தால் கண்ணைத் திறப்பார்கள். புருவத்தைப் பிடித்துக்கொண்டால் கண் பாதிதான் திறக்கும். அப்படி இருந்தால் அது வெறும் மடிப்பு விஷயம் இல்லை, தசையையும் சரிசெய்ய வேண்டும். அதைக் கவனிக்காமல் மடிப்பு மட்டும் போட்டால் தூங்கி வழிகிற கண்ணில் ஒரு கோடு சேரும், அவ்வளவுதான். இவளுக்குத் தசை நன்றாக இருந்தது. பிறகு வளைந்த மெல்லிய கம்பியை இமையில் வைத்து லேசாக அழுத்தி, ஆறு மில்லிமீட்டரில் இப்படி, ஏழில் இப்படி என்று கண்ணாடியில் காட்டினார். ஒரு மில்லிமீட்டரில் ஆள் மாறிப்போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆறில் அவள் அவளாகவே இருந்தாள், எட்டில் யாரோ.

முறைகள் இரண்டு. ஒன்று, வெட்டாமல் நூலால் தைப்பது. இமையில் ஊசி நுழைகிற அளவுக்குச் சின்னத் துளைகள் போட்டு, மெல்லிய நூலைத் தோலுக்கும் உள்ளே இருக்கும் தசை ஏட்டுக்கும் நடுவே கோத்து முடிச்சை உள்ளே புதைத்துவிடுவார்கள். பிறவியில் இல்லாத இழையின் வேலையை அந்த நூல் செய்கிறது. மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வது, வீக்கம் சீக்கிரம் வடியும், பிடிக்காவிட்டால் ஆரம்பத்திலேயே நூலை எடுத்துவிடவும் வழியுண்டு. இமைத்தோல் மெல்லியதாக, கொழுப்புக் குறைவாக இருப்பவர்களுக்கு ஏற்றது. குறை என்னவென்றால் சில வருஷங்களில் நூல் தளர்ந்து மடிப்பு மறைந்துவிடலாம். இரண்டாவது, கோடு வரவேண்டிய இடத்தில் வெட்டி, தேவைப்பட்டால் கொஞ்சம் தோலும் கொழுப்பும் எடுத்து, தோலை உள்ளே இருக்கிற ஏட்டோடு சேர்த்துத் தைப்பது. தடித்த இமைக்கும் தொங்கும் தோலுக்கும் இதுதான் நிற்கும். வெளித்தையலை ஏறக்குறைய ஒரு வாரத்தில் பிரிப்பார்கள். இது நிரந்தரம், அதனாலேயே பழைய கண் திரும்பக் கிடைக்காது. மடிப்பை இறக்குவதற்கு மறு அறுவை சிகிச்சை உண்டு, ஆனால் அது முதல் சிகிச்சையைவிடக் கஷ்டமானது, எடுத்த தோலைத் திரும்ப வைக்க முடியாதே.

ஆபத்துகளைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை, ஏனென்றால் விளம்பரங்கள் இதை 'மதிய இடைவேளையில் முடியும்' என்பது போலப் பேசுகின்றன. இரண்டு கண்ணும் ஒன்றுபோல அமையாமல் போவது, தழும்பு, அதிகம் தோல் எடுத்துவிட்டதால் கண் முழுசாக மூடாமல் இரவில் உலர்ந்து எரிவது, இவை தெரிந்த சிக்கல்கள். மிக அரிதாகக் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்கிப் பார்வைக்கே ஆபத்து வரும். சிகிச்சைக்குப் பின் கடும் வலியோடு கண் பிதுங்குவது போலவோ பார்வை மங்குவது போலவோ இருந்தால் காலை வரைக்கும் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தோழி நூல் முறையில் வலது கண்ணுக்கு மட்டும் செய்துகொண்டாள். திங்கட்கிழமை தொப்பியைத் தாழ்த்திப் போட்டுக்கொண்டு லேபுக்கு வந்தாள், பையில் பூசணிச் சாறு பாக்கெட்டுகள். வீக்கம் வடிய அதைக் குடிப்பது இங்கே வழக்கம், அவள் அம்மா ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருந்தார். ராத்திரி இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்தித் தூங்கினாள். இரண்டாவது வாரம் அழுதாள். புது மடிப்பு இடது கண்ணைவிட உயரமாக, தடிப்பாகத் தெரிந்தது. மருத்துவர் ஆறு மாதம் வரை எதையும் முடிவு செய்யாதே என்றார். இது ஆறுதலுக்குச் சொன்னது இல்லை, உண்மையிலேயே வீக்கத்தின் கடைசிப் பகுதி வடிய மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். அதற்கு முன் பதறிப்போய் மறு சிகிச்சைக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

அழகுக்காக இல்லாமல் இதைச் செய்பவர்களும் இருக்கிறார்கள். இங்கே சில குழந்தைகளுக்குக் கீழிமைத் தோல் மடிந்து இமைமுடி உள்பக்கமாகத் திரும்பிக் கண்மணியை உரசும், அதற்குக் கண் மருத்துவமனையில் சிகிச்சை. வயசானவர்களுக்கு மேலிமை தொங்கிப் பார்வையை மறைக்கும். 2005 இல் கொரிய அதிபராக இருந்த ரோ மூ-ஹியுன் பதவியில் இருக்கும்போதே தொங்கிய இமைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார், வீக்கம் வடிந்து வெளியே வந்தபோது அவர் கண்ணில் தெளிவான இரட்டை மடிப்பு. நாடே பார்த்தது. இமை அறுவை சிகிச்சை கிழக்காசியாவோடு நிற்பதும் இல்லை. பன்னாட்டு அழகியல் அறுவை சிகிச்சைச் சங்கத்தின் 2024 கணக்கில் உலகத்திலேயே அதிகம் நடந்த அழகு அறுவை சிகிச்சை இமைக்கானதுதான், 21 லட்சத்துக்கும் மேல்.

முகத்தின் மற்ற சிகிச்சைகளை இமையோடு ஒரே தட்டில் வைத்துப் பேசக்கூடாது. மூக்கைப் பொறுத்தவரை மேற்கில் பெரும்பாலும் குறைப்பார்கள், இங்கே உயர்த்துவார்கள், சிலிக்கோன் வைத்தோ விலாக் குருத்தெலும்பை எடுத்தோ. தாடையை 'வி' வடிவத்துக்குச் செதுக்குவதும் கன்ன எலும்பைக் குறைப்பதும் முழு மயக்கத்தில் எலும்பை அறுத்துச் செய்பவை. கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு அடிபட்டால் கீழுதடு மரத்தே போகலாம். 2016 இல் சியோலில் தாடை சிகிச்சைக்குப் போன ஒரு கல்லூரி மாணவர் ரத்தப்போக்கில் நினைவிழந்து, சில வாரங்களில் இறந்தார். அறுவை அறையின் கேமராப் பதிவை அவருடைய அம்மா திரும்பத் திரும்பப் பார்த்து, பேசிய மருத்துவர் நடுவிலேயே வெளியே போய்விட்டதைக் கண்டுபிடித்தார். 'பேய் சிகிச்சை' என்று இதற்கு இங்கே பேர்: பேசுவது ஒருவர், கத்தி பிடிப்பது இன்னொருவர். அந்த அம்மா தெருவில் பதாகை பிடித்து நின்று நடத்திய போராட்டத்தின் பலனாக 2021 இல் சட்டம் வந்தது. 2023 செப்டம்பர் 25 முதல், மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை அறைகளில் கேமரா கட்டாயம். நோயாளி கேட்டால் பதிவு செய்தாக வேண்டும். கொரியாவுக்கு வந்து செய்துகொள்ள நினைக்கும் யாரும் பதிவு செய்யச் சொல்லும் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள்.

போன மாதம் அத்தையிடம் போனில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பொண்ணுக்குப் பிறக்கப்போற பிள்ளைக்கும் மடிப்பு வருமா?" என்றார். நல்ல கேள்வி. நூல் இமையில்தான் இருக்கிறது, மரபணுவில் இல்லை. பிள்ளைக்கு எது வரும் என்பது தாய் தகப்பன் பிறந்தபோது எப்படி இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது, ஒரு கண்ணில் மட்டும் வரவும் வாய்ப்புண்டு. தோழியிடம் இதைச் சொன்னேன். சிகிச்சை முடிந்து அவளுக்கு அப்போது ஐந்தாவது மாதம், இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டிருந்தன. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படி வந்தால் அதன் கண்ணைப் பற்றி அதுவாகக் கேட்கும் வரை நான் வாயைத் திறக்க மாட்டேன் உன்னி" என்றாள். டேப் பாக்கெட் இன்னும் அவள் டிராயரில்தான் கிடக்கிறது.